பணத்துடன் வரச் சொல்லும் நேர்காணல்

முக்கூடலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"பி.காம். முடித்துவிட்டுத் திருநெல்வேலி டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். சம்பளம் 11,000 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கும் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். பத்து நிமிடம்தான் பேசினார்கள். ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது தடுமாறிவிட்டேன். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், கல்யாணம் எப்போது என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு, சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு நான் தேர்வாகிவிட்டதாகவும், வருகிற சனிக்கிழமை இரண்டாவது நேர்காணலுக்குப் பதிவுக் கட்டணம் 3,500 ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. பெரியம்மா வீட்டு அண்ணன் இதே நிறுவனத்தின் மூலமாகத்தான் ஒரு பைசா கொடுக்காமல் ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்தார். என்னுடன் படித்த தோழியோ இவர்களிடம் பணம் கட்டி, மதுரைக்கு அனுப்பப்பட்டு, அங்கே பொருள் விற்கவும் ஆள் சேர்க்கவும் சொன்னதால் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இருவரில் யார் சொல்வதை நம்புவது? அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணம் என்பதால் பயமாக இருக்கிறது. தம்பிக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அவன் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

சனிக்கிழமைக்கு அதிக நாள் இல்லாததால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு அந்த நேர்காணலுக்குப் போக வேண்டாம். பணமும் அசலும் இல்லாமல் போகலாமா என்பது, நான் கீழே எழுதப்போகும் சில கேள்விகளுக்கு அவர்கள் தரும் பதிலைப் பொறுத்தது.

அண்ணன், தோழி இருவரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரும் தமக்கு நடந்ததைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு வகையான வியாபாரம் நடக்க முடியும் என்பதை, ஆள்சேர்ப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். அண்ணன் ஒரு வகைக்குள்ளும் தோழி இன்னொரு வகைக்குள்ளும் போயிருக்கிறார்கள். உங்களை எந்த வகைக்குள் அழைக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

ஒழுங்கான ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர், ஆள் கேட்கும் நிறுவனம்தான். வேலை தேடி வருபவர் அல்லர். ஒரு நிறுவனத்துக்குக் கணக்காளர் ஒருவர் தேவை என்றால், அது ஆள்சேர்ப்பு நிறுவனத்திடம் சொல்லி வைக்கிறது; அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் தேர்வாகி வேலையில் சேர்ந்த பின், அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கொடுக்கிறது. 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இத்துறையில் பரவலாக வழங்கும் கணக்கு. பெரிய பதவிகளுக்கு இது கூடும். கல்யாணத் தரகர் இரு வீட்டிலும் கை நீட்டலாம். இந்தத் தொழிலில் பணம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும் என்பதுதான் முறை. இன்னொரு ஏற்பாடும் உண்டு. தொழிற்சாலைகளுக்குக் கூட்டமாக ஆள் தேவைப்படும்போது, ஆள்சேர்ப்பு நிறுவனமே தொழிலாளர்களைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு வேலைக்கு அனுப்பும். தொழிற்சாலை அந்தச் சம்பளத்தோடு தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஒரு தொகையைச் சேர்த்துத் தரும். அங்கே ஒவ்வொரு ஆளும் மாத வருமானம் என்பதால், சேர வருபவரிடம் காசு கேட்டு அவரை விரட்டிவிட எந்த நிறுவனமும் விரும்பாது.

அண்ணன் போனது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்கும். சரிபார்ப்பதும் எளிது. அவருடைய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைத் திறந்து, அதில் முதலாளி என்று யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையின் பெயர் இருந்தால் அவர் நேரடிப் பணியாளர். ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பெயரோ வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரோ இருந்தால் ஒப்பந்தப் பணியாளர். இரண்டுமே முறையான வேலைதான் என்றாலும், 'அண்ணனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார்கள்' என்று வீட்டில் சொல்லிக்கொள்வதன் எடை அதற்கேற்ப மாறும். பி.எஃப். பற்றி உங்கள் அம்மாவிடமே கேட்கலாம். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரும் பி.எஃப். சட்டத்துக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பி.எஃப். எண்ணும் பாஸ்புக்கும் இருப்பவர்களுக்குத்தான் வேலை என்பது காகிதத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பது தெரியும்.

தோழியின் விஷயத்தில் மறுமுனையில் ஆள் கேட்ட முதலாளி என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கட்டிய தொகைதான் அங்கே வருமானம். பயிற்சி என்ற பெயரில் தங்கவைத்து, பொருள் விற்கச் சொல்லி, நண்பர்களையும் உறவினர்களையும் அழைத்து வரச் சொல்வது தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கும் பழைய வேலை. இவர்கள் நடத்தும் நேர்காணலில் யாரும் தோற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து நிமிடத்தில், பார்க்காத கம்பெனிக்கு, நீங்கள் தடுமாறிய பிறகும் தேர்வாகிவிட்டீர்கள் என்று சொல்லப்பட்டதுதான், அவர்கள் கேட்ட 3,500 ரூபாயைவிட என்னை அதிகமாக உறுத்துகிறது. ஆள்சேர்ப்பு நிறுவனத்தால் உங்கள் பெயரை முன்மொழியத்தான் முடியும். தேர்வு செய்யும் உரிமை சம்பளம் கொடுப்பவருக்கே உண்டு.

இனி யாருடைய அனுபவத்தைக் கேட்டாலும் 'நன்றாகப் பேசினார்கள்', 'மரியாதை இல்லை' என்பவற்றை ஓரமாக வைத்துவிடுங்கள். இனிமையாகப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குபவர்கள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதேபோல், கடுகடுப்பாகப் பேசிய ஒருவர் நேர்மையாக வேலை வாங்கித் தந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆண்டு போனீர்கள், எந்த வேலைக்கு, பணமோ அசல் சான்றிதழோ எந்தக் கட்டத்தில் கேட்டார்கள், முதலாளி தரப்பிலிருந்து யாராவது உங்களை நேரில் பார்த்தார்களா, முதல் மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். அண்ணனின் அனுபவம் சில ஆண்டுகளுக்கு முந்தையது என்றால் அதன் மதிப்பு இன்னும் குறையும். இத்தொழிலில் ஊழியர்கள் அடிக்கடி மாறுவார்கள், கிளை கைமாறியிருக்கும், பெயர்ப்பலகை மட்டும் அப்படியே தொங்கும்.

அடுத்து, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி. நேரம் குறைவாக இருந்தது என்பதே தவறில்லை. ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் நடப்பது வடிகட்டும் வேலை. படிப்பு, அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எந்த ஊருக்கு வருவீர்கள், எப்போது சேர முடியும் என்ற கட்டங்களை நிரப்பினால் அவர்கள் பணி முடிந்தது. எதிரே இருந்தவருக்குக் கணக்கியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே, ஆங்கிலத்தில் தடுமாறியதை வைத்து உங்கள் தகுதியை எடைபோட்டுக்கொள்ளாதீர்கள். ஊர், படிப்பு, அப்பா பெயர் என்று மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தில் திக்குபவர்கள், தாம் செய்யும் வேலையைச் சொல்லும்போது திக்குவதில்லை. உங்கள் கடையில் நீங்கள் தினமும் செய்வதை அப்படியே சொல்லுங்கள்: டேலி என்ற கணக்கு மென்பொருளில் கொள்முதலும் விற்பனையும் பதிவது, சரக்கு அனுப்ப இ-வே பில் போடுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது, மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடையாக இருந்தால் விற்பனை விவரத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தை 11-ஆம் தேதிக்குள்ளும் வரி கட்டுவதற்கான 3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் ஆடிட்டரிடம் தயாராகக் கொடுப்பது. இதை எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் சொல் கிடைக்காவிட்டால், தமிழில் தொடரலாமா என்று கேட்டுத் தொடருங்கள். உண்மையான முதலாளியின் தலைமைக் கணக்காளர் உங்களைப் பார்க்கும்போது, அவர் கேட்கப்போவதும் இந்த வேலையைப் பற்றித்தான்.

கல்யாணக் கேள்வி நம் பக்கத்தில் பெண்களிடம் கூசாமல் கேட்கப்படுகிறது. அதற்குப் பின்னால் ஒரு வணிகக் காரணமும் உண்டு: சேர்ந்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் 90 நாட்களுக்குள், விலகிவிட்டால் ஆள்சேர்ப்பு நிறுவனம் கட்டணமின்றி வேறு ஆள் தர வேண்டும், அல்லது வாங்கியதைத் திருப்ப வேண்டும். ஆனால் அது அவர்களுடைய கவலை. வேலைக்கு எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. அங்கே வாதாட வேண்டியதில்லை. "தொடர்ந்து பணியாற்றும் எண்ணத்தில்தான் வந்திருக்கிறேன்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.

சம்பளத்தில்தான் நீங்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நீங்கள் 18,000 ரூபாய் கேட்டதாகவும் அவர்கள் உடனே ஒப்புக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த 18,000 என்று கேட்டீர்களா? சி.டி.சி. என்று அவர்கள் சொல்வது முதலாளிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. மாதச் சம்பளம் 16,000, அதில் அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளி உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப். 12 சதவீதம் 1,440 ரூபாய், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் 520 ரூபாய். இவற்றைக் கூட்டினால் 17,960. இதைத்தான் 18,000 என்பார்கள். உங்கள் பங்கான பி.எஃப். 1,440 ரூபாயும் இ.எஸ்.ஐ. 120 ரூபாயும் பிடித்தது போக, கையில் வருவது 14,440. பி.எஃப். உங்கள் பணம்தான், இ.எஸ்.ஐ. குடும்பத்துக்கு மருத்துவ வசதி தரும், இரண்டும் வேண்டியவையே. ஆனால் சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் இந்த 14,440 ரூபாயிலிருந்துதான் கொடுக்க வேண்டும். முக்கூடலில் வீட்டுச் சாப்பாட்டோடு பஸ்ஸில் போய்வந்து வாங்கும் 11,000 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அனுபவத்துக்காக முதல் ஆண்டு மிச்சமில்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவெடுப்பதும் நியாயமே. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் இருந்ததற்கு மட்டும் முறையான காரணம் இருக்கலாம். பெயரைத் தெரிந்துகொண்டு விண்ணப்பதாரர் நேராக அங்கே போய்விடுவார், அல்லது போட்டி நிறுவனம் தெரிந்துகொள்ளும் என்ற அச்சம் இத்துறையில் எல்லாருக்கும் உண்டு. ஆனால் உங்கள் விண்ணப்பத்தை அங்கே அனுப்புவதற்கு முன்பாவது பெயரைச் சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்பதே நல்ல பழக்கம். இதில் உங்களுக்கும் ஒரு நன்மை உண்டு: ஒரே வேலைக்கு இரண்டு ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் வழியாக உங்கள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வேண்டாமென்று முதலாளி உங்களையே ஒதுக்கிவிடக்கூடும். யார், எங்கே, எப்போது அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். விட்டுவிட்டு வரக் கூடாது. சரிபார்ப்புக்கு அசலைப் பார்த்துவிட்டு நகலை வாங்கிக்கொள்வதே போதும். அசலைப் பிடித்து வைப்பவர்கள் நீங்கள் வேறு வேலைக்குப் போகாமல் தடுக்கவோ, திருப்பித் தரக் காசு கேட்கவோதான் பிடித்து வைக்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ் தொலைந்தால் மறுபிரதி வாங்க, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று பெற்று, பிறகு அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். கொடுக்கும் நகலின் மேலும் எந்த வேலைக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் வகையைக் கொடுங்கள். வங்கிக் கணக்கு விவரம் பணி நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை யாருக்கும் தேவையில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். அந்த நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படி எழுதுங்கள்: "சனிக்கிழமை நேர்காணலுக்கு வர விரும்புகிறேன். வேலை தரும் நிறுவனத்தின் பெயர், பதவி, பணியிடம், பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம், நேர்காணல் செய்பவர் அந்த நிறுவனத்தில் வகிக்கும் பொறுப்பு ஆகியவற்றைத் தெரிவிக்கவும். சான்றிதழ்களின் நகல்களைக் கொண்டு வருவேன். அசல்களைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்வேன். பதிவுக் கட்டணம் செலுத்த இயலாது." தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. போலியாக நடத்துபவர்கள் வாய்ப்பேச்சில் எதையும் சொல்வார்கள். எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தரத் தயங்குவார்கள். பதிலில் பெயர் வந்தால், அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை அதன் சொந்த இணையதளத்திலிருந்து எடுத்து அழைத்து, இந்தப் பதவிக்கு இவர்கள் மூலம் ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். ஆள்சேர்ப்பு நிறுவனம் தரும் எண்ணை நம்ப வேண்டாம். ஆம் என்று பதில் வந்தால் வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். 'இன்றே கட்டினால்தான் இடம்', 'வேலை கிடைத்ததும் பணம் திரும்பக் கிடைக்கும்' என்ற பதில் வந்தால் போக வேண்டாம். உண்மையிலேயே காலியிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 3,500 ரூபாய்க்காக ஒரு மாதச் சம்பளத்துக்கு நிகரான கட்டணத்தைக் கைவிடும் ஆள்சேர்ப்பு நிறுவனம் எதுவும் இல்லை.

நேர்காணல் ஒழுங்காக நடந்து, பிறகு பதிலே வராமல் போனாலும் மனம் சோர வேண்டாம். முதலாளி அந்த இடத்தை நிரப்பாமல் ஒத்திவைத்திருப்பார், அல்லது உள்ளேயே ஒருவரை மாற்றியிருப்பார். இல்லை என்று சொல்வதற்கு ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்கு யாரும் பணம் தருவதில்லை என்பதால் அவர்கள் சொல்வதும் இல்லை. ஒரு வாரம் கழித்து ஒருமுறை எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஹார்டுவேர் கடை வேலையை அதுவரை விட்டுவிடாதீர்கள்.

இதற்கிடையில், பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அரசு வேலைக்குப் பதிவதற்கு மட்டுமே அந்த அலுவலகம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம்களையும் அது நடத்துகிறது. முதலாளி தரப்பினர் நேரில் வருவார்கள், கட்டணம் கிடையாது. அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் தொழிற்சாலைகள் பெருகிவருவதால், கணக்கும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்தவருக்குச் சென்னைதான் போக வேண்டும் என்ற கட்டாயம் முன்போல இல்லை.

உங்கள் தோழி பணம் கட்டிய ரசீது, ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும். வேலை தருவதாகப் பொய் சொல்லிப் பணம் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 318-ஆம் பிரிவில் வரும் ஏமாற்றுக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு அதுதான். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் தந்து ரசீது வாங்கலாம். இணையவழியில் ஏமாற்றிப் பணம் பறித்தால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தத் தொகையை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் தம்பியின் விஷயம்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்து வைப்பதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022-லேயே எச்சரித்தது. அப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. கம்போடியா, லாவோஸ் நாடுகளிலும் இதுவே நடந்திருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். பதிவு பெற்றவர்களும் 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. சுற்றுலா விசாவில் போய், பிறகு வேலை விசா மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது; அதைப் பிடித்து வைக்க அந்த மாடி அலுவலகத்துக்கு எந்த உரிமையும் இல்லை. சனிக்கிழமை வரை காத்திருக்காமல், தம்பியும் அப்பாவும் நாளைக்கே நேரில் போய்க் கேட்டு வாங்கட்டும். தரவில்லை என்றால், பாஸ்போர்ட்டின் நகலுடன் அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அதன் பிரதியை அனுப்பிவையுங்கள்.